எழுவாய் இல்லாத சாவு: ஒரு காவல்துறை அறிக்கையைப் பிரித்துப் பார்த்தபோது

2020 மே 25 இரவு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் காவல்துறை ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் போட்டால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘காவல்துறையினருடனான சந்திப்பின்போது உடல்நலப் பாதிப்பு, ஆண் ஒருவர் மரணம்’. மொத்தமே இருநூறு சொல் இருக்கும். ஒரு பள்ளி மாணவி தன் போனில் எடுத்த காணொளி அன்றிரவே வெளியே வந்திராவிட்டால், அந்தச் சாவைப் பற்றி உலகத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே பதிவு அந்த இருநூறு சொல்தான். இறந்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்ட், வயது 46.

நாளெல்லாம் செய்தி அறிக்கைகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. ‘அதிகாரத்தில் இருக்கிறவர்கள் செயப்பாட்டு வினைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்’ என்று எங்கள் தொழிலில் அடிக்கடி சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இந்த அறிக்கையைத் தமிழில் போட்டு, ஒவ்வொரு வினைமுற்றுக்கும் எதிரே ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதிக்கொண்டே போனேன். போகப் போக, நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது பாதிதான் சரி என்று தெரிந்தது.

அறிக்கை சொல்லும் கதை இது. இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர், மோசடி நடப்பதாக வந்த தகவலின் பேரில் காவலர்கள் சென்றார்கள். சந்தேக நபர் ஒரு நீல நிறக் காரின் மேல் உட்கார்ந்திருப்பதாகவும் போதையில் இருப்பதுபோல் தெரிவதாகவும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இரண்டு காவலர்கள் வந்து, காரில் இருந்த அவரைக் கண்டார்கள். காரைவிட்டு இறங்கும்படி அவருக்கு உத்தரவிடப்பட்டது. இறங்கிய பிறகு அவர் காவலர்களை உடல்பலத்தால் எதிர்த்தார். காவலர்கள் அவருக்குக் கைவிலங்கு மாட்டினார்கள்; அவர் உடல்நலக் கோளாறால் அவதிப்படுவதுபோல் தெரிவதைக் கவனித்தார்கள். ஆம்புலன்ஸை அழைத்தார்கள். அவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சற்று நேரத்தில் அங்கே இறந்தார். சம்பவத்தில் தொடர்புடைய எவராலும் எந்த நேரத்திலும் எந்த வகையான ஆயுதமும் பயன்படுத்தப்படவில்லை. மாநிலக் குற்றப் புலனாய்வு அமைப்பு விசாரணைக்கு அழைக்கப்பட்டுள்ளது. காவலர் எவருக்கும் காயம் இல்லை. உடலில் அணியும் கேமராக்கள் இயங்கிக்கொண்டிருந்தன. அப்புறம் ஒரு வழக்கு எண். அவ்வளவுதான்.

இப்போது ஓரக்குறிப்புகளைப் பார்ப்போம். சென்றது யார்? காவலர்கள். வந்தது, கண்டது, விலங்கு மாட்டியது, கவனித்தது, ஆம்புலன்ஸை அழைத்தது எல்லாமே காவலர்கள். எழுவாய்க்குப் பஞ்சமே இல்லை. அதுவும் எப்படிப்பட்ட வினைகள்! கவனித்தார்கள், அழைத்தார்கள் என்று எல்லாம் அக்கறையான வினைகள். ஃப்ளாய்ட் எழுவாயாக வருகிற இடங்களிலோ அவர் உட்காருகிறார், போதையில் இருப்பதுபோல் தெரிகிறார், எதிர்க்கிறார், அவதிப்படுகிறார், இறக்கிறார். ஒருவர் உடல்மேல் இன்னொருவர் உடல்பலத்தைக் காட்டியதாக இந்த அறிக்கையில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. அதன் எழுவாய் ஃப்ளாய்ட்.

செயப்பாட்டு வினை இருக்கிறதா என்றால் இருக்கிறது. ‘சொல்லப்பட்டது’, ‘உத்தரவிடப்பட்டது’, ‘கொண்டுசெல்லப்பட்டார்’. ஆனால் இவற்றில் எதுவும் யாரையும் காப்பாற்றவில்லை. உத்தரவிட்டது காவலர் என்பது குழந்தைக்கும் தெரியும். அறிக்கை முழுவதிலும் ‘இன்னாரால்’ என்று ஆளைக் குறிக்கும் ‘ஆல்’ உருபு ஓர் இடத்தில்தான் வருகிறது: ‘எவராலும் ஆயுதம் பயன்படுத்தப்படவில்லை’. செய்யாத காரியத்துக்கு மட்டும் செய்தவர் யார் என்று தேடிக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். அந்த வாக்கியம் பொய்யும் இல்லை. முழங்கால் ஆயுதப் பட்டியலில் வராது.

மறைந்த காரியம் எங்கே இருந்திருக்க வேண்டும்? கைவிலங்குக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவே. அந்த இடத்தில் செயப்பாட்டு வினையும் இல்லை, வினையே இல்லை. காவலர் டெரெக் சாவின், குப்புறக் கிடந்த ஃப்ளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினார். முதலில் 8 நிமிடம் 46 விநாடி என்றார்கள். விசாரணையில் அரசுத் தரப்பு 9 நிமிடம் 29 விநாடி என்று கணக்கிட்டது. இன்னொரு காவலர் முதுகுப் பக்கம் அமுக்கினார், மற்றொருவர் கால்களைப் பிடித்தார், நான்காமவர் வேடிக்கை பார்த்துக் கத்திக்கொண்டிருந்த மக்களைத் தள்ளி நிறுத்தினார். மொத்தமும் அந்த ஓர் அரைப்புள்ளிக்குள் போய்விட்டது.

வாக்கியம் ஏறிவந்த படிகள்

இதை யாரோ ஒரு கெட்டிக்காரர் உட்கார்ந்து திட்டமிட்டு எழுதினார் என்று நினைத்தால் கதை எளிதாக முடிந்துவிடும். அப்படி நடக்கவில்லை. அறிக்கை எழுதிய அதிகாரி சம்பவ இடத்துக்குப் போகவில்லை, காணொளியைப் பார்க்கவில்லை. சார்ஜன்ட்டுகள் சொன்னதை வைத்து எழுதினார். சார்ஜன்ட்டுக்குச் சொன்னவர் யார்? சாவினேதான். அவர் போனில் பேசியது காவலர் கேமராவில் பதிவாகியிருந்தது. பிறகு நீதிமன்றத்தில் அதைப் போட்டுக் காட்டினார்கள். அவர் சொன்னதைப் பேச்சுத் தமிழில் போட்டால்: ‘ஆளைப் பிடிச்சு அமுக்க வேண்டியதாப் போச்சு, வெறி பிடிச்ச மாதிரி இருந்தான்.’ கழுத்து என்ற சொல்லும் முழங்கால் என்ற சொல்லும் அந்தப் பேச்சில் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்கு ‘நாங்கள்’ என்ற எழுவாய் இருந்தது. அமுக்கியவரே பேசும்போது ஆள் இன்னும் மறையவில்லை. ‘வேண்டியதாப் போச்சு’ என்று கொஞ்சம் மெழுகியிருக்கிறார், அவ்வளவுதான். அது சார்ஜன்ட்டுக்குப் போய், அங்கிருந்து செய்தித் தொடர்பு அதிகாரிக்குப் போய், அறிக்கையாகிற நேரத்தில் ‘நாங்கள்’ போய்விட்டது, ‘அமுக்க’வும் போய்விட்டது. மிஞ்சியது ‘உடல்நலக் கோளாறால் அவதிப்படுவதுபோல் தெரிவது’. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சொல் கழன்றிருக்கிறது. அலுவலகத்தில் கோப்பு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

அதே இரவில் எதிர்த்திசையிலும் ஒரு வாக்கியம் பயணம் செய்தது. நள்ளிரவு வாக்கில் நகரவாசி ஒருவர் காவல்துறைத் தலைவரைத் தொடர்புகொண்டு கேட்டதாக, தலைவர் மெடாரியா அரடோண்டோ பின்னர் சாட்சி சொன்னார். கேள்வி இது: உங்கள் காவலர் அந்த ஆளின் கழுத்தை நெரித்துக் கொல்கிற காணொளியைப் பார்த்தீர்களா? எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. ‘உங்கள்’ என்ற சொல் கூடுதலாக ஒரு வேலை செய்கிறது: காவலருக்குப் பின்னால் நிற்கிற துறையையும் வாக்கியத்துக்குள் இழுத்துவருகிறது. மறுநாளே நான்கு காவலர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். (பாருங்கள், நானே ‘நீக்கப்பட்டார்கள்’ என்று எழுதுகிறேன். நீக்கியது அரடோண்டோ.)

தமிழில் ஒளிந்துகொள்ளும் இடங்கள்

ஆங்கிலத்தில் இதைப் பேசுகிறவர்கள் செயப்பாட்டு வினையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தமிழில் அது போதாது. நம் மொழியில் ஆளை மறைப்பது சற்றுக் கஷ்டம், மறைத்துவிட்டால் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம்.

கஷ்டம் எதனால் என்றால், தமிழ் வினைமுற்று காட்டிக்கொடுக்கும். ‘தவறு செய்துவிட்டேன்’ என்பதில் ‘நான்’ என்ற சொல் இல்லை. ‘ஏன்’ விகுதி போதும், ஆள் சிக்கிவிடுவார். எழுவாயை மட்டும் எடுத்துவிட்டால் ஆங்கிலக்காரர் தப்பிக்கலாம், தமிழர் தப்பிக்க முடியாது. பேச்சில் ‘-ப்பட்டது’ அனேகமாக வருவதே இல்லை. ‘அவனை அடிச்சுட்டாங்க’ என்றுதான் சொல்வோம். யார் என்று சொல்லாவிட்டாலும், ‘ஆங்க’ என்ற விகுதியில் சில மனிதர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். ‘யாரு?’ என்று அடுத்த கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

சரி, எழுத்தில் என்ன செய்கிறோம்? ‘தவறு நடந்துவிட்டது.’ இதில் ‘படு’ இல்லவே இல்லை. இலக்கணப்படி இது செய்வினை. தவறுதான் எழுவாய், அதுவே எழுந்து நடந்து வந்திருக்கிறது. உடைந்தது–உடைத்தார், கவிழ்ந்தது–கவிழ்த்தார், சாய்ந்தது–சாய்த்தார் என்று சோடி சோடியாக நம்மிடம் வினைகள் இருக்கின்றன. முதல் வரிசையில் பொருள் தானாக மாறுகிறது, இரண்டாவதில் ஒருவர் மாற்றுகிறார். ஓர் ஒற்றெழுத்து வித்தியாசத்தில் ஆள் காணாமல் போய்விடுகிறார். பாலத்தை ஒருவர் ‘திறந்துவைத்தார்’. அதே பாலம் ‘இடிந்தது’. எந்தக் காலத்திலும் எவரும் எந்தப் பாலத்தையும் இடியும்படி கட்டியதாகச் செய்தி வருவதில்லை.

இந்த வசதியைத் தொல்காப்பியரே பார்த்திருக்கிறார். செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்வதும் வழக்கில் உள்ள மரபுதான் என்று சொல்லதிகாரத்தின் வினையியலில் ஒரு நூற்பா வைத்திருக்கிறார். அதற்கு உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணையை மெழுகியவர் யாரோ. வாக்கியத்தில் திண்ணையே மெழுகிக்கொண்டது போல இருக்கிறது. திண்ணையைப் பொறுத்தவரை இதில் யாருக்கும் நஷ்டமில்லை. மெழுகிய கைக்குரியவருக்குப் பாராட்டு போகவில்லை, அவ்வளவுதான்.

அடி வாங்குகிற உடம்புக்கு வந்தால் விஷயம் வேறு. ‘அடிக்கப்பட்டான்’ என்றால் அடித்தவன் ஒருவன் இருக்கிறான். ‘அடிபட்டான்’ என்றால் தடுக்கி விழுந்தும் இருக்கலாம். ‘அடி வாங்கினான்’ என்றாலோ, அடியை அவனே போய்க் கேட்டு வாங்கி வந்ததுபோல் ஆகிவிடுகிறது. ‘வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்றால் சந்தேகமே வேண்டாம், தப்பு அவனுடையது. நான்கிலும் செய்தவர் பெயர் இல்லை. ஆனால் நேர்மையானது எது? செயப்பாட்டு வினைதான். அதேபோல ‘கொல்லப்பட்டார்’ என்பது குற்றம் சாட்டுகிறது, ‘உயிரிழந்தார்’ என்பது அனுதாபம் மட்டும் தெரிவிக்கிறது. ‘படு’வைக் கண்ட இடமெல்லாம் வெட்டச் சொல்கிற நடைக் கையேடுகள், ‘சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்பதை வெட்டி ‘துப்பாக்கிச் சூட்டில் பலி’ என்று போட வைத்தால் யாருக்கு லாபம் என்று யோசிக்க வேண்டும். மினியாபொலிஸ் அறிக்கையின் ஆங்கிலத் தலைப்பில் இருந்த வினையும் ‘இறந்தார்’தான். தன்வினை. அவராக இறந்தார்.

இது வெறும் சொல்விளையாட்டு இல்லை என்பதற்குச் சோதனை ஆதாரம் உண்டு. 2010இல் கெய்ட்லின் ஃபாசியும் லெரா போரோடிட்ஸ்கியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உணவகத்தில் நடந்த தீவிபத்துக் கதையை இரண்டு விதமாக எழுதி ஆட்களிடம் கொடுத்தார்கள். ஒன்றில் ‘துணி தீப்பற்றியது’ என்ற தோரணை, மற்றதில் ‘அந்தப் பெண் துணியைத் தீப்பற்ற வைத்தார்’ என்ற தோரணை. சம்பவம் ஒன்றேதான். இரண்டாவதைப் படித்தவர்கள் அந்தப் பெண் மேல் அதிகப் பழி போட்டார்கள், அதிக இழப்பீடும் கட்டச் சொன்னார்கள். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், ஒரு மேடை நிகழ்ச்சியில் உடை கிழிந்த காணொளியைக் கண்ணால் பார்த்தவர்களின் தீர்ப்பைக்கூட வினைச்சொல் மாற்றியிருந்தது. கண்ணால் கண்டதற்கே இந்தக் கதி என்றால், அறிக்கையை மட்டும் படிக்கிறவர் என்ன செய்வார்! அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை அலசிய பொருளியலாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: பொதுமக்களில் ஒருவர் கொன்ற செய்தியைவிட, காவலர் கொன்ற செய்தியில்தான் செய்தவரை மங்கலாக்குகிற வாக்கிய அமைப்புகள் அதிகம் வந்தன.

வருத்தத்துக்கு ஆள் உண்டு, காரியத்துக்கு இல்லை

‘தவறுகள் நடந்தன’ என்பதற்கு அமெரிக்க அரசியலில் நீண்ட வரலாறு இருக்கிறது. 1876 டிசம்பரில் அதிபர் யுலிசஸ் கிராண்ட், ஊழல் புகார்கள் சூழ்ந்த தன் ஆட்சியின் முடிவில், நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் தவறுகள் நேர்ந்திருப்பதை எல்லோரும் பார்க்கலாம், நானும் ஒப்புக்கொள்கிறேன் என்றார். அடுத்த மூச்சிலேயே, அவை பெரும்பாலும் உதவிக்கு அமர்த்தியவர்களைத் தேர்ந்ததில் வந்தவை என்று கையை வேறு பக்கம் நீட்டினார். 1987 ஜனவரி 27 அன்று ரொனால்ட் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றிப் பேசியது இன்னும் சுவாரசியம். நான் ஒரு துணிச்சலான முயற்சி எடுத்தேன், அது பலிக்கவில்லை, அதற்கு முழுப் பொறுப்பேற்கிறேன் என்கிறார். நல்ல, நிமிர்ந்த ‘நான்’. சில வரிகள் கழித்து, அந்த முயற்சியில் ‘கடுமையான தவறுகள் செய்யப்பட்டன’. துணிந்தது நான், பொறுப்பேற்பதும் நான், தவறை மட்டும் யாரோ செய்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் பேச்சுக்கு அரசியல் விமர்சகர் வில்லியம் ஷ்னைடர் ஒரு புதிய காலமே கண்டுபிடித்துப் பெயர் வைத்தார். தமிழில் ‘குற்றம் நீக்கும் இறந்தகாலம்’ எனலாம்.

நமக்கும் இது பழகிய ராகம்தான். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்.’ வருந்துவதற்கு ‘ஓம்’ விகுதியோடு ஆள் தயாராக நிற்கிறார். தடங்கலோ வெறும் பெயர்ச்சொல். அதற்கு விகுதி கிடையாது, ஆகவே ஆளும் கிடையாது. ‘உங்களைத் தடுத்தோம், வருந்துகிறோம்’ என்று எழுதிப் பாருங்கள். வாய்க்கு வராது.

பெயர்ச்சொல்லுக்குள் காரியத்தைப் பூட்டுவதில்தான் தேர்ந்த கை தெரியும் என்று எனக்குத் தோன்றும். ஃப்ளாய்ட் வழக்கிலேயே ஜூன் 1 அன்று மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் வெளியிட்ட மரணக் காரணத்தைத் தமிழாக்கிப் பார்த்தால், ‘காவல் தரப்பின் அடக்குதல், கட்டுப்படுத்தல், கழுத்து அழுத்தம் ஆகியவற்றோடு சிக்கலான இதய-நுரையீரல் நிறுத்தம்’ என்று வருகிறது. ஒரு வினைமுற்று இல்லை. இது மழுப்பலா? இல்லை என்றுதான் சொல்வேன். மருத்துவர் வேலை உடலில் நேர்ந்ததைச் சொல்வது. அதே தாள், மரணத்தின் வகை என்ற இடத்தில், இன்னொருவரால் நேர்ந்த மரணம் என்று ஒரே சொல்லில் பதிவு செய்தது. கழுத்து என்ற உறுப்பின் பெயரும் இந்த அரசு ஆவணத்தில் இருக்கிறது. எழுவாய் இல்லாவிட்டாலும் உறுப்பு இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, யார் தரப்பு என்பதும் இருக்கிறது. மே 25 அறிக்கையில் இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை.

செய்தி மேசையில் எங்களுக்கு ஒரு நியாயமான தயக்கமும் உண்டு. செய்தவர் யாரென்று நிரூபணமாகும் முன் பெயரைப் போட்டு ‘கொன்றார்’ என்று எழுத முடியாது, எழுதவும் கூடாது. ‘வீடு கொளுத்தப்பட்டது’ என்று எழுதி, கொளுத்தியவர் யாரென்று இன்னும் தெரியவில்லை என்று அடுத்த வரி எழுதுவது கோழைத்தனம் இல்லை. நான் இப்போது வைத்திருக்கும் வழக்கம் சின்னது. அறிக்கையில் நல்ல காரியங்களுக்கு எழுவாய் இருந்து, உடம்பில் காயம் ஏற்படுகிற வாக்கியத்தில் மட்டும் இல்லையென்றால், ‘காவல்துறை அறிக்கை இதை யார் செய்தார் என்று சொல்லவில்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். ஆசிரியர் சில நாள் விடுவார், சில நாள் வெட்டுவார்.

2021 ஏப்ரல் 20 அன்று சாவின் மீதான வழக்கில் தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியின் முடிவை நீதிபதி பீட்டர் கேஹில் படிவத்தைப் பார்த்து வாசித்தார். படிவத்தின் வாக்கியம் ‘நாங்கள், ஜூரி’ என்று தொடங்குகிறது, குற்றச்சாட்டைச் சொல்கிறது, பிரதிவாதியைக் குற்றவாளி எனக் காண்கிறோம் என்று முடிகிறது. மூன்று குற்றச்சாட்டுக்கும் மூன்று முறை அதே ‘நாங்கள்’. பாதுகாப்புக்காக அப்போது ஜூரியினர் பெயர்களை வெளியிடவில்லை. கையெழுத்துப் போட்டவரை, எண் 19 என்று மட்டும் வாசித்தார்.